அட்டை கடித்த காயத்தில் உண்மை கண்ட ஆனந்தி சிஸ்டருக்கு

முப்பத்து மூன்று ஆண்டுகள் பீர்மேட்டு மலைத் தோட்டத்தின் மருந்தகத்தில் மழையென்றும் மஞ்சென்றும் பாராமல் பணிபுரிந்து, இன்று விடைபெறும் அன்புச் செவிலியே! ஊசிக்கு அழும் பிள்ளையும் ஏச்சுக்கு அஞ்சும் பெரியவரும் ஒருசேர "எங்க சிஸ்டர்" என்று உரிமை கொண்டாடும் எங்கள் மூத்தவரே! வணக்கம்.

தங்கள் பணிகளையெல்லாம் சொல்ல இவ்வேடு போதாது. ஒன்றை மட்டும் சொல்கிறோம்.

கொழுந்து பறிக்கும் சுருளியம்மாளுக்கு இதயத்தில் செயற்கை வால்வு பொருத்திய மறு ஆண்டு, ஆடி மழை. வால்வில் ரத்தம் உறையாதிருக்க நாள்தோறும் மாத்திரை. அதுவும் ஆயுள் முழுக்க. ஆனால் காட்டில் அட்டை கடித்த இடத்தில் ரத்தம் மணிக்கணக்காக நிற்கவில்லை. சுண்ணாம்பு வைத்தார், புகையிலை வைத்தார். துணி நனைந்ததே மிச்சம். பயந்துபோனவர் எவரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். அதன்பின் அட்டை கடித்த இடங்களெல்லாம் சீக்கிரமே காய்ந்தன. அவர் மனமும் தேறியது. இரு வாரம் கழித்து இருமலுக்கு மருந்து வாங்க வந்தவரின் கணுக்காலைத் தாங்கள் குனிந்து பார்த்தீர்கள்.

"இது எப்பக் கடிச்சது?"

"காலைலதான் சிஸ்டர்."

"காலைல கடிச்சது அதுக்குள்ள காஞ்சிருச்சா? மாத்திர போடுறியா இல்லியாடி?"

"போட்டா ரத்தம் நிக்க மாட்டேங்குது சிஸ்டர். மழ விட்டதும் போட்டுக்கலாம்னு..."

"மழ விடுற வரைக்கும் உன் வால்வு லீவுல போகுமா? எந்திரி, ஜீப்புல ஏறு!"

தோட்டத்து ஓட்டுநர் சிஜு ஓட்டிய ஜீப்பில் நகரத்து மருத்துவமனைக்குத் தாங்களும் உடன் சென்றீர்கள். வால்வில் ரத்தக்கட்டி படியத் தொடங்கியிருந்தது. இன்னும் சில நாள் தாமதித்திருந்தால் கைகால் விழுந்திருக்கும், உயிரே போயிருக்கலாம் என்றார்கள் நகரத்து மருத்துவர்கள். பன்னிரண்டாம் நாள் சுருளியம்மாள் தம் காலால் நடந்து வீடு திரும்பினார்.

நாங்கள் எல்லோரும் அவரைக் கடிந்துகொண்டோம். தாங்கள்தாம் தடுத்தீர்கள்: "அவளத் திட்டாதீங்க. மாத்திரையக் குடுத்த நான், அட்ட கடிச்சா என்ன செய்யணும்னு சொல்லலையே."

அன்று தொட்டு ஒவ்வொரு மழைக்காலத்திலும் தொழிலாளர் குடியிருப்புகளில் லயம் லயமாக ஏறி இறங்கினீர்கள். கடித்த இடத்தைச் சுத்தத் துணியால் அழுத்திப் பிடி, நிற்காவிட்டால் மருந்தகத்துக்கு வா, மாத்திரையை மட்டும் நீயாக நிறுத்தாதே என்று சொல்லிச் சொல்லித் தங்கள் தொண்டை கட்டிக்கொண்டது. தம் தவறென்று தாமே ஏற்கும் அந்தத் துணிவை நாங்கள் இன்னும் பழகிக்கொண்டுதான் இருக்கிறோம்.

இம்மடலில் என்ன எழுதலாம் என்று சுருளியம்மாளையே கேட்டோம்.

"எம் மக கிருத்திகா கல்யாணத்துல, தாலி கட்டும்போது நான் பக்கத்துல நின்னேன்னு எழுதுங்க. சிஸ்டருக்குப் புரியும்" என்றார்.

அப்படியே எழுதிவிட்டோம். நோயற்ற உடலும் குறையற்ற மனமுமாய் நெடுநாள் வாழ்க, எங்கள் சிஸ்டரே!

நன்றி மறவாத,
தோட்ட மருந்தக ஊழியர்கள்