அந்த அறையில் கை தூக்கியவர் யார்?

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் டாக்டர் அம்மா அவர்களே, மேடையில் இடம் கிடைத்து அமர்ந்திருக்கும் பெரியவர்களே, இடம் கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் உறவுகளே, மருந்துக்கடை அக்காவிடம் மாத்திரையோடு சேர்த்து நாலு திட்டும் வாங்கிப் போன இந்தத் தெருவின் மக்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

முதலில் ஒரு வேண்டுகோள். கேன்டீன்காரரே, டீ டிரம்மோடு வாசல் வரைக்கும் வந்துவிட்டீர்கள். கொஞ்சம் பொறுங்கள். நான் பேசி முடித்து, இந்தச் சபை ஒரு முடிவு எடுக்கிற வரைக்கும் ஒரு கப் கூட உள்ளே வரக் கூடாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். தலைவர் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். அக்கா இருந்திருந்தால், "எதுக்குப் பத்து நிமிஷம்? எப்படியும் இவரு வாய்தாதான் கேப்பாரு"ன்னு சொல்லியிருப்பார். 'வாய்தா வக்கீல்' என்பது அவர் எனக்கு வைத்த பெயர். வயதில் என்னைவிடச் சின்னவர். ஆனாலும் இந்தத் தெருவுக்கே அக்கா, எனக்கும் அக்கா.

அந்த அக்கா போய்விட்டார்! போரில் உறவிழந்தோர் சங்கத்தின் தலைவர், தெருமுனை மருந்துக்கடையின் உரிமையாளர், நம் மருந்துக்கடை அக்கா போய்விட்டார். அன்றைக்குக் காலையில் ஷட்டரைப் பாதி தூக்கியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. எத்தனை பேருக்கு நெஞ்சுவலி மாத்திரை எடுத்துக் கொடுத்த கை அது! நாலடி உள்ளே போயிருந்தால் அந்த மாத்திரை கைக்கு எட்டியிருக்கும். எனக்கு அழுகை வரவில்லை ஐயா, கோபம்தான் வருகிறது. யார் மேல் என்று தெரியாத கோபம் என்று சொல்ல நினைத்தேன். பொய் எதற்கு? யார் மேல் என்று நன்றாகவே தெரியும்.

அதோ, படத்துக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு நிற்கிறதே, அந்த மலர்வளையத்தைப் பாருங்கள். அரசாங்கத்திலிருந்து வந்திருக்கிறது. பதினெட்டு வருடமாக அக்கா கேட்ட கேள்விக்கு ஒரு வரி பதில் போடாதவர்கள், அவர் செத்த மறுநாளே ஆள் வைத்து, வண்டி வைத்து அனுப்பியிருக்கிறார்கள். அதிலும் பாருங்கள், அனுப்பியவர் பெயரும் பதவியும் பெரிய எழுத்தில்! பூவுக்குக் கீழே பெயர் போடத் தெரிகிறதே! போருக்குக் கீழே போடத் தெரியவில்லையா? அதற்கு மட்டும் கை வரவில்லையா?

இங்கே இருக்கும் இளையவர்களுக்கு அந்தக் கதை தெரியாமல் இருக்கலாம். எல்லையில் ஒரு பாலம் விழுந்தது. எதிரி குண்டு வைத்துத் தகர்த்துவிட்டான் என்றார்கள். மறுவாரம் போர். அக்காவுக்குக் கூடப் பிறந்தவர் ஒரே தம்பி. தாய் இல்லாத பிள்ளையை அக்காதான் வளர்த்து, படிக்க வைத்து, கல்யாணமும் செய்து வைத்திருந்தார். போருக்குப் போன தம்பி திரும்பி வரவில்லை. அவர் மனைவி அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. போர் முடிந்து, பிள்ளையும் பிறந்து நடக்க ஆரம்பித்த பிறகு, பொறியாளர்கள் வந்து அந்தப் பாலத்தின் மிச்சத்தைக் கிளறிப் பார்த்தார்கள். குண்டும் இல்லை, கிண்டும் இல்லை. பாலம் துருப்பிடித்துத் தானாக விழுந்திருக்கிறது! துருவுக்காகச் செத்திருக்கிறார்கள் நம் பிள்ளைகள்!

அன்றைக்கு அக்கா ஒப்பாரி வைக்கவில்லை. கடையைப் பூட்டிவிட்டு நேராக என் அலுவலகத்துக்கு வந்தார். நாற்காலியில் கூட உட்காரவில்லை. "வக்கீல் சார், டாக்டர் கையெழுத்து இல்லாம என் கடையில ஒரு தூக்க மாத்திரை தர மாட்டேன். என் தம்பிய அனுப்பறதுக்கு யாரு கையெழுத்துப் போட்டா? அதக் கேட்டு ஒரு கேஸ் போடணும்" என்றார்.

போட்டோம். கேட்டது மூன்றே விஷயம். போர் வேண்டும் என்று முதலில் சொன்னது யார்? அதை ஒத்துக்கொண்டது யார்? எதை நம்பி ஒத்துக்கொண்டார்கள்? நஷ்டஈடு கேட்கவில்லை. யாரையும் தூக்கில் போடு என்று கேட்கவில்லை. இதற்குப் பதில் சொல்ல ஒரு அரசாங்கத்துக்குப் பதினெட்டு வருடம் போதாதா?

நாடாளுமன்றத்தில் கேட்டால், விஷயம் கோர்ட்டில் இருக்கிறது, பேச முடியாது என்றார்கள். கோர்ட்டில் கேட்டால், இது நாடாளுமன்றம் கேட்க வேண்டிய கேள்வி என்றார்கள். விசாரணைக் கமிஷன் ஒன்று வந்தது. அது, எல்லாம் தேசத்தின் ரகசியம் என்று சொல்லிவிட்டுப் போனது. ஆட்சி மாறியது. இனி விடிந்துவிடும் என்று நினைத்தோம். எதிர்க்கட்சியாக இருந்தபோது எங்களோடு தரையில் உட்கார்ந்து கோஷம் போட்டவர்கள், நாற்காலி கிடைத்ததும், "தேவையில்லாம பழசக் கிளறாதீங்க" என்று எங்களுக்கே புத்தி சொன்னார்கள். பழசாம்! அக்காவின் வீட்டில் தம்பியின் சட்டை இன்னும் ஆணியில் தொங்குகிறது. யாருக்கு அது பழசு?

இந்த இடத்தில் அக்காவின் ஒரு பழக்கத்தை நான் சொல்லியாக வேண்டும். நம் சங்கத்தில் எந்த முடிவானாலும் கை தூக்கித்தான் எடுக்க வேண்டும். தூக்கியவர் எழுந்து நின்று, "ஆமா, நான்தான்" என்று வாயால் சொல்ல வேண்டும். கூட்டத்துக்கு உப்பு பிஸ்கட்டா, கிரீம் பிஸ்கட்டா என்பதற்குக்கூட இதே கதைதான். "அக்கா, பிஸ்கட்டுக்கு எதுக்கு இந்தப் பாடு?" என்று ஒருமுறை நான் கேட்டுத் தொலைத்தேன். "பிஸ்கட்டுக்கே கை தூக்கப் பயந்தா பெரிய விஷயத்துக்கு எப்படி சார் தூக்குவீங்க?" என்று என் வாயை அடைத்தார்.

ஒரு தடவை கொட்டும் மழையில் ஊர்வலம் வைத்தோம். வேண்டாம் என்று பாதிப் பேர் சொன்னார்கள். நம் தையல்கார அம்மா வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். அடுத்த கூட்டத்தில் ஆளாளுக்கு மழையைத் திட்டினோம், ரோட்டைத் திட்டினோம், போலீஸைத் திட்டினோம். அக்கா எழுந்தார். "மழை ஒண்ணும் ஊர்வலம் வைக்கல. வைக்கணும்னு முதல்ல கை தூக்கினது நான். தப்பு என்னுது" என்றார். அவ்வளவுதான். தையல்கார அம்மா நடக்கிற வரைக்கும் தினமும் சாப்பாடு அக்கா வீட்டிலிருந்துதான் போனது. இதோ, மூன்றாவது வரிசையில் அவர் உட்கார்ந்திருக்கிறார். கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு மருந்துக்கடைக்காரிக்கு முடிந்தது ஒரு அமைச்சரவைக்கு ஏன் முடியவில்லை?

இப்போது டீ விஷயத்துக்கு வருகிறேன். ஒரு சாயங்காலம் நான் இருமல் மருந்துக்காகக் கடையில் நின்றிருந்தேன். ஒரு பெரியவர் குடையோடு உள்ளே வந்து பிரஷர் மாத்திரை கேட்டார். பார்த்தால், அந்தப் போர் நேரத்தில் போக்குவரத்து அமைச்சராக இருந்தவர்! அக்காவும் கண்டுகொண்டார். மாத்திரையை எடுத்தபடியே சாதாரணமாகக் கேட்டார்: "ஐயா, அன்னிக்கு போருன்னு முடிவெடுத்த அந்த ரூம்ல நீங்க கை தூக்கினீங்களா?"

அவர் முதலில் திகைத்துப் போனார். அப்புறம் என்ன தோன்றியதோ, சொன்னார். "கையா? அங்க யாரும்மா கை தூக்கினா? ஒருத்தர் பாலத்தப் பத்திப் பேசினாரு. இன்னொருத்தர் மேப்ப விரிச்சாரு. 'என்ன, எல்லாருக்கும் சரிதானே?'ன்னு ஒரு குரல் கேட்டுச்சு. அதுக்குள்ள டீ வந்துருச்சு. ஆளுக்கு ஒரு கப் எடுத்தோம். குடிச்சிட்டு வெளிய வந்தா, போருன்னு டிவியில ஓடுது."

அக்கா மாத்திரையைக் கவரில் போட்டார். மடித்தார். கையில் கொடுத்தார். "அந்த டீயில சக்கரை சரியா இருந்துச்சாய்யா?" என்று கேட்டார்.

பெரியவர் விறுவிறுவென்று வெளியே போய்விட்டார். குடையைக்கூட எடுக்கவில்லை. அவர் போன பிறகுதான் அக்கா உட்கார்ந்தார். "கெட்டவங்க கூடி உக்காந்து திட்டம் போட்டாங்கன்னு நெனச்சுட்டு இருந்தேன் வக்கீல் சார். அப்படி இருந்தாக்கூட மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். டீ குடிச்சிருக்காங்க சார்! டீ குடிச்சிருக்காங்க!" அந்தப் பதினெட்டு வருடத்தில் அவர் உடைந்து அழுது நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

நான் காதால் கேட்டேன் என்று கோர்ட்டில் சொன்னால் அது செல்லாது. சொன்னவர் வந்து சொல்ல வேண்டும். எத்தனை முறை வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டோம்! ஒரு நாள் தூக்கம், ஒரு நாள் வெளியூர், ஒரு நாள் உடம்பு சரியில்லை. அந்தப் பெரியவர் இன்று இந்த மண்டபத்துக்கு வந்திருக்கிறார். கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில். யாரும் திரும்பிப் பார்த்து அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம். அந்த அறையில் இருந்த அத்தனை பேரில் இவர் ஒருவர்தான் வந்திருக்கிறார். அதற்கு என் நன்றி. ஆனால் ஐயா, அக்காவுக்கு நீங்கள் தர வேண்டியது அஞ்சலி இல்லை, சாட்சி. அதைச் செய்யுங்கள்.

இனி என் பேச்சின் கடைசிப் பகுதி. வருகிற செவ்வாய்க்கிழமை வழக்கு மறுபடி வருகிறது. நேற்று கோர்ட் வராண்டாவில் அரசாங்க வக்கீல் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப வருத்தமா இருக்கு சார். மனு போட்டவங்களே இல்லையே, இனி என்ன இருக்கு?" என்றார். முகத்தில் வருத்தம், குரலில் நிம்மதி. போரில் ஆளை இழந்த ஒரு குடும்பத்திலிருந்து யாராவது அக்காவின் இடத்தில் பெயர் கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லை என்றால் செவ்வாயோடு மூட்டை கட்டிவிடுவார்கள். இந்த வாரம் பேப்பர் பார்த்தீர்களா? எல்லையில் மறுபடியும் பதற்றமாம். மறுபடியும் ஏதோ ஒரு அறை, ஏதோ ஒரு மேப். அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரு பயம் வேண்டாமா? நாளைக்கு ஒருத்தி வந்து என் பெயரைக் கேட்பாள் என்ற பயம்?

அதனால் அக்காவின் முறைப்படியே கேட்கிறேன். இந்த வழக்கு தொடர்ந்து நடக்க வேண்டும் என்பவர்கள் கை தூக்குங்கள்!

ஆகா! மண்டபம் முழுக்கக் கைகள்! மேடையிலும் எல்லோரும்! நன்றி, நன்றி. அக்கா பார்த்திருக்க வேண்டும்.

சரி. மனுவில் பெயர் கொடுப்பவர்கள் மட்டும் கையை இறக்காமல் இருங்கள்.

பார்த்தீர்களா! பார்த்தீர்களா ஐயா! எவ்வளவு வேகமாக இறங்கின! உங்களைக் குறை சொல்லவில்லை. வேலை இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், போலீஸ் வீட்டுக்கு வரும். எல்லாம் தெரியும். ஆனால் அந்த அறையிலும் இப்படித்தானே நடந்திருக்கும்? யாராவது சொல்வார்கள் என்று ஒவ்வொருவரும் பக்கத்து ஆளைப் பார்த்திருப்பார்கள். அவர்கள் மேல் கோபப்பட நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

ஒன்று சொல்லிவிடுகிறேன். அக்காவின் தம்பி மகளை யாரும் பார்க்காதீர்கள். அப்பா முகம் பார்க்காமல் பிறந்த பிள்ளை, அக்கா கையில் வளர்ந்த பிள்ளை. அடக்கம் முடிந்த அன்றே என்னிடம் சொல்லிவிட்டாள்: "அத்தைய இந்தக் கேஸ்தான் தின்னுச்சு மாமா. தயவுசெஞ்சு எங்களை விட்டுடுங்க." அவள் சொன்னதில் தப்பே இல்லை. அவளை நான் கேட்க மாட்டேன். வேறு யாராவது...

என்னம்மா? ஏன் எழுந்திருக்கிறாய்? உட்காரும்மா, உன்னைக் கேட்கவில்லை.

கையை இறக்கவே இல்லையா நீ? நான்தான் பார்க்கவில்லையா? மைக்கை அந்தப் பிள்ளையிடம் கொடுங்கள்.

கேட்டீர்களா சபையோரே? பின்னால் இருப்பவர்களுக்காக அவள் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்கிறேன். "ஆமா, நான்தான். எங்கப்பா எப்படி இருப்பாருன்னு எனக்குத் தெரியாது. அவரை அனுப்பினது யாருன்னாவது எனக்குத் தெரியணும்." அப்புறம் எனக்கு ஒரு நிபந்தனையும் போட்டிருக்கிறாள். "ஆனா மாமா, இனிமே நீங்க ஒரு வாய்தா கூட வாங்கக் கூடாது." அத்தையின் வாய் அப்படியே இருக்கிறது! வாங்க மாட்டேன்மா. உடம்பு முடியாமல் போனால் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தாவது கோர்ட்டில் போடுங்கள். வாங்க மாட்டேன்.

அக்கா! உங்கள் கேள்வியை உங்கள் பிள்ளை எடுத்துக்கொண்டாள். நாங்கள் அவள் பின்னால் நிற்போம். இந்தத் தடவை கையை இறக்க மாட்டோம்.

தூணுக்குப் பக்கத்தில் இருக்கும் பெரியவரே, எழுந்து போகாதீர்கள். உங்கள் குடை இன்னும் கடையில்தான் மாட்டியிருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலை வந்து அதை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து கோர்ட்டுக்குச் சேர்ந்தே நடந்து போவோம்.

கேன்டீன்காரரே, முடிவு எடுத்தாகிவிட்டது. இப்போது டீ கொண்டு வாருங்கள்.