காந்திமதி சிஸ்டர் கேட்ட சாவி

மேடையில் வீற்றிருக்கும் செங்கொன்றைக் குடியிருப்போர் மன்றத்தின் தலைவர் திரு. சிவப்பிரகாசம் அவர்களே, செயற்குழுப் பெரியவர்களே, ஐந்து நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் சிஸ்டரின் மகள் நந்தினியே, கைப்பிள்ளைகளோடு வந்து பந்தல் ஓரமாக நிற்கிற தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

ஏனம்மா நிற்கிறீர்கள்? இரண்டாம் வரிசை முழுக்க நாற்காலி காலியாகத்தானே கிடக்கிறது? யாரோ பெரிய மனிதர்கள் வருவார்கள் என்று போட்டு வைத்ததாம். அவர்கள் வரும்போது நின்றுகொள்ளட்டும். நீங்கள் வந்து உட்காருங்கள். உட்கார்ந்த பிறகு பேசுகிறேன், எனக்கு அவசரமில்லை.

நன்றி. என் பெயர் விஜயலட்சுமி. நம் டவுன்ஷிப் ஆஸ்பத்திரி மகப்பேறு வார்டில் காந்திமதி சிஸ்டரோடு இருபத்திரண்டு வருடம் ஷிப்ட் பார்த்த நர்ஸ். இந்த இரங்கல் கூட்டத்தில் எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் கண் கலங்கினார்கள். எனக்கு அழுகை வரவில்லை, மன்னியுங்கள். கோபம்தான் வருகிறது. ஏன் வருகிறது என்பதைச் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

முதலில் என் மீதே எனக்குள்ள கோபம். பவித்ரா என்று குள்ளஞ்சாவடிப் பெண். தலைப்பிரசவம், ஆபரேஷன். இரண்டாம் நாள் குழந்தை வீரிட்டு அழுகிறது. எனக்கு ஷிப்ட் முடிகிற நேரம், வார்டில் பதினாலு பேர். நான் நின்ற இடத்திலிருந்தே, “உனக்குப் பால் பத்தாது போலிருக்கும்மா, டப்பாப் பால் வாங்கிக் குடு” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். ஒரே ஒரு வாக்கியம்! அந்த வாக்கியத்தை அவள் டிஸ்சார்ஜ் சீட்டோடு சேர்த்து வீட்டுக்குக் கொண்டு போனாள். கணவர் மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. ஒரு டப்பா மாதம் முழுக்க வரவேண்டும் என்று நாலு கரண்டி போடவேண்டிய இடத்தில் இரண்டு கரண்டி போட்டார்கள். மூன்று வாரத்தில் பிள்ளை வற்றிப் போனது.

விஷயம் தெரிந்ததும் மொபெட்டை எடுத்துக்கொண்டு குள்ளஞ்சாவடிக்குப் போனவர் யார்? காந்திமதி சிஸ்டர். பத்து நாள் விடாமல் போனார். என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டு போனார், பார்க்கட்டும் என்று. “தலையைப் புடிச்சி அமுக்காதம்மா. மூக்கு காம்புக்கு நேரா வரட்டும். வாயைப் பெருசாத் தெறக்கற வரைக்கும் பொறு. தெறந்ததும் புள்ளயக் கிட்ட இழு, நீ குனியாத” என்று அவர் சொல்வது இன்னும் என் காதில் இருக்கிறது. பவித்ராவின் மாமியார், “பாலே இல்லீங்க, எதுக்கு வீணா போராடிக்கினு?” என்றார். “பால் இல்லன்னு எதுல அளந்தீங்க? புள்ள ஒரு நாளைக்கு எத்தன துணி நனைக்குதுன்னு எண்ணிக்கினு வந்து சொல்லுங்க, அப்பறம் பேசலாம்” என்றார் சிஸ்டர். பிள்ளை தேறும் வரை டப்பாப் பாலைச் சரியான அளவில் கலக்கவும் அவரேதான் சொல்லிக் கொடுத்தார். பால் குறைந்த தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற வழக்கம் அவரிடம் இல்லை. பிள்ளை தேறியது. பத்தாம் நாள் திரும்பி வரும்போது, “விஜயா, சோர்வா இருந்தா எதுவும் சொல்லாம போ. வாய்க்கு வந்ததச் சொல்லிட்டுப் போவாத” என்றார். அதன்பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

நம் டவுன்ஷிப்பில் எல்லா மாவட்டத்துக்காரர்களும் உண்டு. பிள்ளை பிறந்ததும் ஆளுக்கொரு வழக்கம் வார்டுக்குள் நுழையும். ஒருவர் தேன் கொண்டு வருவார், ஒருவர் சர்க்கரைத் தண்ணீர், ஒருவர் கழுதைப்பால்! நல்ல குணமுள்ளவர் கையால் பிள்ளை நாக்கில் முதல் சொட்டாகச் சேனை வைத்தால் அந்தக் குணமே வரும் என்பார்கள். சிஸ்டர் சண்டை போட்டாரா? போடவில்லை. “தாராளமா வைங்க. ஆனா தாயோட நாக்குல வைங்க. அவ குடுக்கற பால் வழியா அந்தக் குணம் புள்ளைக்குப் போவட்டும்” என்பார். வைக்க வந்தவரும் சிரித்துக்கொண்டே தாய் நாக்கில் வைத்துவிட்டுப் போவார். இப்படி எத்தனை பிள்ளைகளுக்கு முதல் மணி நேரத்திலேயே சீம்பால் கிடைத்திருக்கும்!

ஓய்வு பெற்ற பிறகாவது வீட்டில் இருந்தாரா? இந்த மன்றத்துத் தெருக்களைப் பெருக்கும் கான்ட்ராக்ட் பெண்களில் ஒருத்தி வெண்மதி. இதோ, இப்போதுதான் வந்து உட்கார்ந்தாள். பத்து மணி டீ நேரத்தில் அவளுடைய நாத்தனார் மந்தாரக்குப்பத்திலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவாள். எங்கே வைத்துப் பால் கொடுப்பது? ஒருநாள் சிஸ்டர் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறார். “குப்ப டிராக்டர் மறைவுல நின்னுக்கினு குடுக்கறங்க சிஸ்டர். ஒக்காந்தா மேஸ்திரி திட்டுவாருங்க” என்றாளாம் வெண்மதி. குப்பை டிராக்டர்! நம் வாசலைச் சுத்தமாக வைப்பவளின் பிள்ளைக்குக் குப்பைக்குப் பக்கத்தில்தான் பால்!

அன்று பிடித்த பிடிதான். அப்போதிருந்த மன்றத்தாரிடம் நடையாய் நடந்து, மேடையை ஒட்டி எனக்கு வலப்பக்கம் இருக்கிறதே, அந்தச் சின்ன அறையை வாங்கினார். ஒரு திரைச்சீலை, ஒரு பானைத் தண்ணீர், கை வைத்த நாற்காலி ஒன்று. அவ்வளவுதான் சொத்து. தினமும் பெண்கள் வந்தார்கள். செவ்வாய்க்கிழமை சிஸ்டரும் வந்து உட்காருவார். குவார்ட்டர்ஸ் பெண்களும் வந்தார்கள், கான்ட்ராக்ட் பெண்களும் வந்தார்கள். அந்த ஒரு அறையில்தான் யார் பெர்மனென்ட், யார் கான்ட்ராக்ட் என்று யாரும் கேட்கவில்லை.

எட்டு மாதத்துக்கு முன் அந்த அறைக்குப் பூட்டு விழுந்தது. மன்றத்துக்கு நூற்றைம்பது பிளாஸ்டிக் நாற்காலி வாங்கினார்கள். அடுக்க இடம் வேண்டுமாம். “ரெண்டே மாசம் சிஸ்டர், ஷெட் போட்டுடுவோம்” என்றார் தலைவர். சொன்னீர்களா இல்லையா ஐயா? நான் பக்கத்தில்தான் நின்றேன். சிஸ்டர் பதினோரு மனு கொடுத்தார். பதினொன்றிலும் ஒரே வரி: அறையின் சாவி வேண்டும். சென்ற செவ்வாய்க்கிழமையும் வந்தார். பூட்டிய கதவுக்கு வெளியே, வெயில் விழும் படியில், தன் சேலைத் தலைப்பை விரித்துப் பிடித்து வெண்மதிக்கு மறைப்பாக உட்கார்ந்திருந்தார். அறுபத்தாறு வயது மனுஷி! மறுநாள் காலை மாரடைப்பு வந்து போய்விட்டார். வெயிலில் உட்கார்ந்ததால் செத்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவருடைய கடைசிச் செவ்வாயை வெயிலில் கழிக்க வைத்தவர்கள் நாம். அதை எந்த மாலையால் மறைப்பது?

சற்று முன் தலைவர் அவர்கள் அந்த அறைக்குக் காந்திமதி சிஸ்டரின் பெயர் சூட்டப்படும் என்று அறிவித்தார். கைதட்டினீர்கள். பெயரா கேட்டார் அவர்? சாவி கேட்டார் ஐயா, சாவி!

இப்போது ஒன்று கேட்கிறேன். நாம் உட்கார்ந்திருக்கும் இந்தச் சிவப்பு நாற்காலிகள் இன்று மதியம் எங்கிருந்து வந்தன? அந்த அறையிலிருந்துதான். சிஸ்டர் உயிரோடு இருந்து எட்டு மாதம் கேட்டும் காலியாகாத அறை, அவருக்கு இரங்கல் சொல்ல ஒரு மணி நேரத்தில் காலியாகிவிட்டது! எனக்கு வெட்கமாக இருக்கிறது. உங்களுக்கு இல்லையா?

நாற்காலிகளை இறக்கும்போது நானும் நின்றிருந்தேன். கதவில் தொங்கிய பூட்டை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். திருட்டு என்றால் திருட்டு, கேஸ் போடுங்கள். இதோ அந்தப் பூட்டு. சிஸ்டரின் படத்துக்கு முன்னால் வைக்கிறேன். வேண்டுமென்பவர் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே எடுத்துப் போகலாம்.

கூட்டம் முடிந்ததும் யாரும் சும்மா கலைந்து போகக் கூடாது. அவரவர் நாற்காலியை அவரவர் தூக்குங்கள். தலைவர் வீட்டுப் போர்ட்டிகோ விசாலமானது. அங்கே அடுக்குவோம். ரெண்டே மாசம்தான் ஐயா, ஷெட் போடும் வரை. நான் மேடையில் உட்கார்ந்திருந்த கை வைத்த நாற்காலி மட்டும் அந்த அறைக்குத் திரும்பிப் போகும். அது சிஸ்டர் போட்டு வைத்த நாற்காலி. இனி செவ்வாய்க்கிழமைகளில் அதன் பக்கத்தில் நான் இருப்பேன். எனக்கு முடியாத வாரம் நந்தினி இருப்பாள், காலையில் என் கையைப் பிடித்துச் சொல்லியிருக்கிறாள். சிஸ்டருக்கு நான் செய்கிற அஞ்சலி இதுதான், வேறு தெரியாது.

வெண்மதி, நாளைக்குச் செவ்வாய்க்கிழமை. பத்து மணிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கினு வாம்மா. கதவு திறந்திருக்கும்.