ஒட்டாத செல்லு

...பின்ன இன்னாக்கா? பதினெட்டு வருசமா அந்த அடையாறு லேபுல கண்ணாடி சாமான் கழுவுறேன். என்னாண்ட வந்து, "தேவானைம்மா, தட்டை சுத்தமா கழுவுனீங்களா?"ன்னு கேக்குது அந்த மாளவிகா! கொஞ்சம் தள்ளி ஒக்காரு, கூடை இடிக்குது. நான் கழுவுன தட்டுல மூஞ்சி பாத்து பொட்டு வெச்சிக்கலாம், தெரியுமா?

நல்ல பொண்ணுதான், மயிலாப்பூரு. டாக்டர் பட்டத்துக்குப் படிக்குது. மூணு மாசமா அது தட்டுல செல்லு ஒட்ட மாட்டேங்குதாம். செல்லுன்னா... நம்ம ஒடம்பே அதான்க்கா, பொடிசு பொடிசா. எலும்புல ஒரு புரோட்டீன் கீது, ஆஸ்டியோபான்டின்னு. அதுல ஒரு எடத்துல மூணு பாசிமணி கோத்தாப்பல கீதாம். செல்லு மேல கொக்கி. கொக்கி அந்த மணியப் புடிச்சிக்கினா செல்லு காலப் பரப்பி ஜம்முனு ஒக்காரும். இல்லாங்காட்டி உருண்டையா மெதந்து செத்துப்பூடும். எனக்கு எல்லாம் அத்துப்படி!

ஜன்னலுக்கு வெளில பாரேன், போர்டுல மெட்ராஸ அழிச்சிட்டு சென்னைன்னு எழுதிக்கினு கீறான். பேர மாத்துனா பஸ்சு நேரத்துக்கு வந்துருமா? ஹும்... இன்னா சொல்லிக்கினு இருந்தேன்? ஆங், மாளவிகா. இன்னிக்கி மூணு மணிக்கு லேபு பெரியவரு கூப்ட்டு கீறாரு. இன்னிக்கும் ஒட்டலன்னா வேலைய வேற ஆளுக்குக் குடுத்துடுவாராம். நாலு வருசப் படிப்புக்கா! காலைல கூட அழுதுச்சி, நான்தான் கண்ணத் தொடச்சி உட்டேன்.

இதுல என் மேல இன்னா தப்பு? ராவு பூரா அந்தப் பொண்ணு புரோட்டீன் தண்ணிய தட்டுல ஊத்தி வெக்குது. காலைல வடிச்சிட்டு, காயட்டும்னு மேசைலயே உட்டுட்டு, காபி குடிக்கப் பூடுது. காலித் தட்டு கெடந்தா நான் சும்மா உடுவனா? சோப்பு போட்டு, மூணு தண்ணி அலசி, தொடச்சி, வெச்ச எடத்துலயே வெச்சிடுவேன். மூணு மாசமாத்தான் எனக்குக் காலை ஷிப்டு, முன்னல்லாம்...

இன்னாக்கா, அப்டிப் பாக்கறே?

காலித் தட்டுதான்க்கா! வெளிச்சத்துல தூக்கிப் பாத்தேன், ஒண்ணுமே இல்ல. புரோட்டீனு மெல்லிசா படிஞ்சிருக்கும், கண்ணுக்குத் தெரியாதுன்னு மாளவிகாவே சொல்லிச்சி...

ஐயையோ.

மணி இன்னா? ரெண்டே முக்காலா? இந்நேரம் பெரியவரு ரூம் வாசல்ல நின்னுக்கினு இருக்குமே, தப்பு தன்னுதுன்னு நெனச்சிக்கினு! கண்டக்டரு நைனா, நிறுத்து! கூடைய எடுத்துக் குடுக்கா... சுத்தமா கழுவுனீங்களான்னு கேட்டுச்சே பாவம், மூணு தண்ணி அலசுனேன்னு நெஞ்ச நிமித்திக்கினு சொன்னேனே!