குங்குமம் வைத்த பக்கம்

ஈரக் கையோடு எதையும் தொடக் கூடாது என்பது என் பழக்கம், ஐயா. இப்போது நீங்கள் கொடுத்த தண்ணீர்த் தம்ளரைக்கூட வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டுதான் வாங்கினேன். கான்ஸ்டபிள் சிரித்தார். சிரிக்கட்டும். வயர்மேன் வேலையில் நரைத்தவனுக்கு இந்தப் பயம் கட்டையில் போகிறவரைக்கும் இருக்கும்.

என் பெயர் வைரக்கண்ணு. ஊர் விக்கிரமங்கலம். அமிர்தலிங்கம் முதலாளியின் நாடகக் கம்பெனியில் விளக்குகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. குரும்பலூர், தா.பழூர் என்று நாங்கள் போகிற ஊர்களில் கரண்டு கிடையாது, பெட்ரோமாக்ஸ்தான். அங்கெல்லாம் நான் கொட்டகைக்கு முளை அடிக்கிற ஆள். அரியலூர் வந்தால்தான் எனக்கு மரியாதை. ரயிலடிப் பக்கம் ரைஸ்மில் மைதானத்தில் இறங்குவோம், மில்லிலிருந்து கரண்டு எடுப்போம்.

முதலாளியும் அவர் சம்சாரம் புஷ்பவல்லி அம்மாவும் வண்டியிலேயே குடியிருந்தார்கள். யுத்தம் முடிந்ததும் பட்டாளத்தில் ஏலம் விட்ட லாரி அது. தகரத்தால் கூடு கட்டி, உள்ளே கட்டில், அடுப்பு, ஜன்னல் எல்லாம் வைத்திருந்தார்கள். பின்பக்கம் ஏற இரும்புப் படி, பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி. பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். ஆனால் அதற்குள் விளக்குப் போட்டவன் மோட்டார்ப் பட்டறைக்காரன். விளக்குக்கு ஒரே ஒயர்தான் இழுத்தான். கரண்டு திரும்பிப் போக வண்டியின் தகரத்தையே வழியாக்கிவிட்டான். மோட்டார் பேட்டரிக்கு அது போதும். மில் கரண்டுக்கு அது எமன்.

உங்களுக்கு விளங்கச் சொல்கிறேன். மில் லைனில் இரண்டு ஒயர். ஒன்றில் கரண்டு வரும், மற்றொன்றில் திரும்பும். திரும்புகிற ஒயர் தகரத்தோடு சேர்ந்திருக்கும்வரை வண்டியைத் தொட்டால் ஒன்றும் ஆகாது. பிளக்கைத் திருப்பி மாட்டிவிட்டால் வருகிற கரண்டு தகரத்துக்கு வந்துவிடும். விளக்கு எப்போதும்போல எரியும். வண்டிக்குள் இருக்கிறவருக்கு எதுவும் தெரியாது. மண்ணில் நின்றுகொண்டு வண்டியைத் தொடுகிறவருக்குத்தான் தெரியும்.

இன்னொரு ஒயர் இழுத்துவிடலாம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். கூரையில் மயிலும் கொடியுமாக வர்ணம் தீட்டியிருந்தது. அதைப் பிரிக்க முதலாளிக்கு மனம் வரவில்லை. நானே ஒரு வழி செய்தேன். மில் சுவரிலிருந்த பலகையிலும் எங்கள் பிளக்கிலும் கரண்டு வருகிற பக்கத்துக்குக் குங்குமம் வைத்தேன், திரும்புகிற பக்கத்துக்கு விபூதி. குங்குமத்துக்கு நேராகக் குங்குமம் வரும்படி மாட்ட வேண்டும். போதாததற்கு, வண்டியின் அடியிலிருந்து கம்பி இழுத்து ஒரு இரும்பு முளையில் கட்டி மண்ணில் அறைந்தேன். தப்பாக மாட்டினாலும் முளை கரண்டை மண்ணுக்கு இழுத்துவிடும், மில்லில் பீஸ் போகும், உயிர் போகாது. முளையைச் சுற்றித் தினமும் நான்தான் தண்ணீர் ஊற்றினேன்.

இதையெல்லாம் மதித்தது புஷ்பவல்லி அம்மா ஒருவர்தான். காலையில் குளித்துவிட்டு வந்தால் சட்டென்று வண்டியைத் தொடமாட்டார். தள்ளி நின்று கேட்பார்.

"வைரக்கண்ணண்ணே, தொடலாமா?"

"தொடலாம்மா" என்பேன். அதற்கப்புறம்தான் கம்பியில் கை வைப்பார். கம்பெனியில் இதைச் சொல்லிக் கேலி செய்வார்கள். எனக்கு அது காலைக் காபியைவிட முக்கியம். பெண்டாட்டி, பிள்ளை இல்லாத எனக்கு ஒரு நாள் விடிந்தது என்பதற்கு வேறு அடையாளம் இல்லை.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் முதலாளி கூப்பிட்டார்.

"குங்குமத்தப் பாத்து மாட்டறதுக்கு ஒரு தனி ஆளா வைரக்கண்ணு? சின்னதுரையே மாட்டிட்டுப் போறான். நீ பூசைய முடிச்சிட்டு ஊருக்குக் கெளம்பு."

சின்னதுரை எங்கள் டிரைவர். நல்ல பையன். முதலாளி சொன்னதில் நியாயமும் இருந்தது. கண் இருக்கிற எவனும் மாட்டலாம் என்கிற அளவுக்கு வேலையைச் சுலபமாக்கியது நான்தான். என் வயிற்றில் நானே அடித்துக்கொண்டேன். அதுகூடப் பரவாயில்லை, ஐயா. அம்மாவும் பக்கத்தில்தான் இருந்தார். அவருக்கும் வருத்தம்தான். ஆனாலும் சின்னதுரையைப் பார்த்து, "அப்ப இனிமே ஒன்னத்தான் கேக்கணுமா தம்பி?" என்றார். அவன் பல்லைக் காட்டினான்.

மறுநாள் பூஜை. வழக்கப்படி கம்பெனிச் சாமான் எல்லாவற்றையும் துடைத்துப் பழைய பொட்டை அழித்துப் புதுப் பொட்டு வைத்தோம். பிளக்கைத் துடைத்தது நான். விபூதி இருந்த பக்கம் குங்குமம் வைத்தேன், குங்குமம் இருந்த பக்கம் விபூதி. சுவர்ப் பலகையில் மாற்றவில்லை. கை தவறியதா என்று கேட்டீர்கள். என் கை தவறாது. பிறகு முளையைப் பிடுங்கி என் பையில் வைத்துக்கொண்டேன். நான் அடித்த முளை அது. வேலை போனவன் தன் சாமானை எடுத்துக்கொள்வதில் குற்றம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

முதலாளிக்கு ஒரு சுண்டு சுண்டினால் வயர்மேனின் அருமை தெரியும் என்று நினைத்ததாக நேற்றுச் சொன்னேன். அது பொய்தான், எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். வெயில் ஏறும்வரை முதலாளி வண்டியை விட்டு இறங்க மாட்டார். காலையில் ஈரக் காலோடு மண்ணில் நிற்பது யார் என்பது எனக்குத் தெரியும்.

விஜயதசமி காலையில் ஊருக்குப் போகிற பஸ்ஸுக்காக மில்லில் காத்திருந்தேன். ராத்திரி முழுக்கப் பூஜையில் இருந்த பிளக்கை எடுத்து, சின்னதுரை பொட்டைப் பார்த்துச் சரியாக மாட்டினான். அந்தப் பையன்மேல் பழி எதுவும் போடாதீர்கள். மில்லுக்குள் இருந்த மெயின் சுவிட்சைப் போடச் சொல்லி எனக்குக் கையைக் காட்டிவிட்டு டீக்கடைக்குப் போனான். நான் போட்டேன். வண்டிக்குள் விளக்கு எரிந்தது.

அம்மா தலைக்குக் குளித்துவிட்டு வந்தார். படிக்கு முன்னால் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டார். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கம்பியைப் பிடித்தார். குடம் விழுந்தது. கை கம்பியை விடவில்லை.

முதலாளி பாதிச் சவரத்தோடு உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். என்ன தோன்றியதோ, சுவிட்சை அணைத்தார். விளக்கு அணைந்தது, தகரத்தில் கரண்டு அப்படியே இருந்தது. "சின்னதுரை, ஓடியாடா, சின்னதுரை" என்று கத்தினார். மில் ஜன்னலில் நான் நிற்பது அவருக்குத் தெரியும். என் கை மெயின்மேல்தான் இருந்தது. என் பெயரை ஒரு தடவை சொல்லியிருந்தால் இறக்கியிருப்பேன். சின்னதுரை ஓடி வந்து பிளக்கைப் பிடுங்குகிறவரைக்கும் அவன் பெயரைத்தான் சொன்னார். அந்த அம்மாவைக் கொன்றது அந்தப் பிடிவாதம் என்றுகூடச் சொல்லலாம்.

தினமும் கேட்கிறவர் அன்றைக்கு மட்டும் கேட்காமலா தொட்டார் என்கிறீர்கள். கேட்டார், ஐயா. என்னை நிறுத்திவிட்டது தெரிந்தும், ஜன்னலில் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து கேட்டார். "வைரக்கண்ணண்ணே, நீங்க இன்னும் போவலியா? தொடலாமா?"

தொடலாம்மா என்றேன். நான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கைநாட்டு வைக்கிறேன். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். அந்தக் கேள்வியை அம்மா கடைசிவரை என்னைத் தவிர வேறு யாரிடமும் கேட்கவில்லை.