கொட்டேஷனுக்குப் போனவர்

மேகநாதன்: "வாசகர்களே! கைவேலையை நிறுத்திவிட்டு வந்து இந்த அநியாயத்தைப் பாருங்கள். கூலிக்குக் கொன்றவனுக்கு வாரந்தோறும் மாலை விழுகிறது. வெட்டுண்டு விழுந்தவனுக்கு இந்த இதழில் ஒரு பெயர்கூட இல்லை..." பலே! மேடையில முழங்கற மாதிரியே இருக்கு. இதை நீங்களா எழுதினீங்க?

சாலியம்மா: நான்தான், சாரே. மாதர் சங்க மேடையில பத்து வருஷம் பேசியிருக்கேன். பத்திரிகை ஆபீஸ்ல கொடுத்தேன். தொடர் எழுதற மேகநாதன் சார் சம்மதிச்சாத்தான் போடுவோம்னாங்க. கோட்டயத்திலேர்ந்து ரெண்டு பஸ் மாறி வந்தேன்.

மேகநாதன்: முதல்ல கட்டஞ்சாயா குடிங்க, வீட்டுல பால் இல்லை. சர்க்கரை இருக்கான்னு பாக்கணும்... இந்த வீட்டுக்கு ஆள் வந்து நாளாச்சு.

சாலியம்மா: என் வீட்டுக்கும்தான்.

மேகநாதன்: தொடர்ல வர்ற என் மாத்தன் மேல அப்படி என்னம்மா கோபம்? போன வாரம் அவனுக்கு மட்டும் நானூறு கடிதம். ஒரு அம்மா டப்பா நிறைய அச்சுமுறுக்கு அனுப்பியிருந்தாங்க. நான்தான் தின்னேன்.

சாலியம்மா: காசு வாங்கிட்டு ஆளை வெட்டறவனுக்கு அச்சுமுறுக்கா?

மேகநாதன்: வெட்டறதுக்காகவா அவனை நேசிக்கறாங்க? தனியா சாப்பிடறான். ஒரே ஒரு தட்டைக் கழுவிக் கவுத்து வைக்கறான். அங்கதான் வாசகன் விழறான்... தன்னையே பாக்கறான்.

சாலியம்மா: நானும் ஒரே தட்டுதான் கழுவறேன். யாரையும் கொல்லலையே, சாரே.

மேகநாதன்: ...உங்க வீட்டுக்காரர்?

சாலியம்மா: தங்கச்சன். பெயிண்டிங் கான்ட்ராக்டர். இருபத்திரண்டாவது அத்தியாயத்துல மாத்தன் மழையில ஒருத்தரை வெட்டிச் சாய்க்கறானே... அது அவர்தான்.

மேகநாதன்: அது கதைம்மா. அதுல சாகறவனே ஒரு கொலைகாரன். கொட்டேஷன் எடுக்கற ஆள்...

சாலியம்மா: அந்த வார்த்தைதான்! அதைச் சொன்ன பாவி நான்தான். அவர் வெட்டுப்பட்டுச் செத்த அன்னிக்கு போலீஸ் ஸ்டேஷன்ல கேட்டாங்க, "எங்கே போனான்?"னு. "கொட்டேஷனுக்குப் போனார்"னேன்.

மேகநாதன்: ஐயோ...

சாலியம்மா: ஒரு மாடிவீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க என்ன ஆகும்னு விலை எழுதிக் கொடுக்கப் போனார், சாரே! நம்ம ஊர்ல ஆளை வெட்டக் கூலி பேசறதுக்கும் அதே பேர்தானே. அவங்க அப்படியே எழுதிக்கிட்டாங்க. மறுநாள் பேப்பர்ல, "கொட்டேஷன் ஆள் வெட்டிக் கொலை".

மேகநாதன்: திருத்தச் சொல்லலையா?

சாலியம்மா: சொல்லாம இருப்பேனா? ஆள் மாறி வெட்டிட்டாங்கன்னு போலீசே அப்புறம் சொன்னாங்க. எட்டாம் பக்கத்துல நாலு வரி வந்துச்சு. யாரு படிச்சா? நாற்பத்தொண்ணாம் நாள் ஜெபத்துக்கு நூறு பேருக்கு அப்பம் சுட்டேன். பாதிரியாரும் கோயில்பிள்ளையும் வந்தாங்க. அவ்வளவுதான்.

மேகநாதன்: சரி. கடிதத்தை அப்படியே போடச் சொல்றேன். கீழே "ஒரு வாசகி"ன்னு...

சாலியம்மா: வாசகிதான். அதைச் சொல்லத்தான் வெட்கமா இருக்கு.

மேகநாதன்: எதுக்கு வெட்கம்?

சாலியம்மா: அவர் போனதுக்கப்புறம் எனக்கு வேற துணை ஏது? வாரம் தவறாம உங்க மாத்தனைப் படிச்சேன். அவன் போலீஸ்ல மாட்டக் கூடாதுன்னு கீவர்கீஸ் புனிதருக்கு மெழுகுவர்த்தி ஏத்தினேன், சாரே. நான்! அப்புறம் அந்த அத்தியாயம் வந்துச்சு... செத்தவன் கையில நனைஞ்சுபோன காகிதம், அடுத்து வெட்ட வேண்டியவங்க பேருன்னு எழுதியிருந்தீங்க.

மேகநாதன்: சாயா ஆறுது.

சாலியம்மா: ஆறட்டும். அவர் கையில கொண்டுபோனது பெயிண்ட் கலர் அட்டை. உடம்பு வீட்டுக்கு வந்தப்போ அது இல்லை. போலீஸ்கிட்டயும் இல்லை. அவர் கையில என்ன இருந்துச்சுன்னு வெட்டினவனுக்குத்தான் தெரியும். உங்களுக்கு யாரு சொன்னா?

மேகநாதன்: ...பேனா இருக்கா? உங்க கடிதத்துல கடைசிப் பத்தி இல்லை. நான் சொல்றேன், எழுதுங்க.

சாலியம்மா: கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க, சாரே.

மேகநாதன்: பதில்தான் சொல்றேன். எழுதுங்க: "வாசகர்களே! தங்கச்சன் சுவர்களுக்கு வண்ணம் பூசியவர். எவர்மீதும் கை ஓங்காதவர். வெட்டியவனை நல்லவனாக்க வேண்டியிருந்ததால், வெட்டுண்டவரைக் கெட்டவராக்கினேன். மேகநாதன் என்பது புனைபெயர். தங்கச்சனை வெட்டியவனை நீதிமன்றத்தில் சிபி சாக்கோ என்று கூப்பிட்டார்களே, அந்தப் பெயரின் பின்பாதியான சாக்கோ நான், அவனைப் பெற்றவன். தங்கச்சன் கையில் நனைந்திருந்த அட்டையைப் பற்றிச் சிறைக் கம்பிகளுக்குப் பின்னால் நின்று அவன்தான் சொன்னான். மாத்தனிடம் நீங்கள் கண்ட இரக்கத்தில் ஒரு துளியைக்கூட என் மகனிடம் நான் கண்டதில்லை. இனி இந்தத் தொடர் இல்லை. இதழை மூடுங்கள். சாலியம்மாவின் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். தங்கச்சன் எப்படிப்பட்டவர் என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை எழுந்திருக்காதீர்கள்!"