தபீதாளின் தட்டு

சாயங்காலம் ஐந்து மணி. புத்தலப்பட்டைத் தாண்டி மலைப்பக்கம் திரும்புகிற குவாரி ரோடு... ஈ, காக்கை இல்லை. இரண்டு பக்கமும் புளியமரங்கள், பிணத்துக்குப் பவுடர் பூசிய மாதிரி கல்தூசியில் வெளுத்து நிற்கும். அந்த ரோட்டில் நாய்கூட இருமிவிட்டுத்தான் குரைக்கும்.

அதில் தனியாகக் கார் ஓட்டி வந்தவர் கோகுலகிருஷ்ணன். நம் சிநேகிதர் முரளிதரனுக்குச் சொந்த மச்சான். சந்தேகம் இருந்தால் அவரையே கேட்டுக்கொள்ளுங்கள். குவாரியால் ஊருக்கு, கிணற்றுக்கு, வீட்டுக்கு என்னென்ன ஆபத்து என்று பார்த்து ரிப்போர்ட் எழுதுவது அவர் தொழில். மலைக்கு வலிக்காமல் மலையை எடுப்பது எப்படி என்று படம் போட்டுப் பேசுவார் பாருங்கள்... மலையே இறங்கி வந்து லாரியில் ஏறிக்கொள்ளும்.

போன வருஷமும் இதே குவாரிக்குத்தான் வந்தார். காரை விட்டு இறங்கவில்லை, ஏசி வீணாகிவிடும். குவாரிக்குக் கீழே ஒரே ஓர் ஓட்டு வீடு. தபீதாளும் அவள் மகள் ஸ்வீட்டியும் இருந்தார்கள். இவ்வளவு கிட்டத்தில் வீடு இருந்தால் வெடி வைக்க அனுமதி கிடைக்காது. முதலாளி கையைக் காட்டினார்: "அது ஆட்டுக் கொட்டகை சார்." இவரும் அப்படியே எழுதினார்.

அங்கே ஒரு வழக்கம். தினமும் ஆறு மணிக்கு மேஸ்திரி இஸ்மாயில் மேலே சிவப்புக் கொடியோடு நின்று, "வெடி... வெடி... வெடி..." என்று கூவுவார். தபீதாள் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டு, கரண்டியால் சோற்றுத் தட்டைத் தட்டுவாள். டங்... டங்... அது காதில் விழுந்த பிறகுதான் வெடி.

ரிப்போர்ட் வந்ததும் முதலாளி கேட்டார்: "ஆட்டுக்கு எதுக்குய்யா காத்துக்கினு நிக்கிற?"

ஒரு நாள், தட்டுச் சத்தத்துக்கு முன்னாலேயே வெடித்தது. பூசணிக்காய் அளவு கல். ஓட்டைப் பிளந்துகொண்டு நேரே தபீதாள் மேல் இறங்கியது.

கேஸ் இல்லை. இல்லாத வீட்டில் யார் சாக முடியும்?

இந்த வருஷம் அனுமதியைப் புதுப்பிக்க வந்தவரை ஸ்வீட்டி மறித்தாள். "பணம் காசு வேணாம் சார். இங்க வூடு இருந்துச்சி, எங்கம்மா அதுல இருந்துச்சின்னு ஒரே ஒரு வரி எழுதுங்க."

"எழுதினா என் பழைய ரிப்போர்ட் பொய்யின்னு ஆயிடும்மா."

இஸ்மாயில் துண்டை உதறினார். "அந்தக் கொட்டகையில இருந்து இன்னும் தட்டு சத்தம் வருது சார். இப்பல்லாம் அதக் கேட்டாத்தான் நான் வெடி வெக்கறேன். உங்க ஆடு நல்லா தட்டுது."

கோகுலகிருஷ்ணன் சிரித்துவிட்டுக் கிளம்பினார். அந்த வீட்டுக்கு நேரே வந்ததும்... கார் நின்றுவிட்டது. கருவாட்டுக் குழம்பு வாசனை. ஓடில்லாத வீட்டில் எந்த அடுப்பு?

மேலேயிருந்து இஸ்மாயில் குரல். "வெடி... வெடி... வெடி..."

சார் போய்ச் சேர்ந்திருப்பார் என்று அவர் நினைப்பு. இவர் கத்தினார். தொண்டையில் தூசு, காற்றுதான் வந்தது. பரவாயில்லை, தட்டுச் சத்தம் கேட்காமல் வெடிக்காதே...

டங்... டங்...

விழுந்தடித்து ஓடி அந்தக் கட்டிலுக்கடியிலேயே புகுந்துகொண்டார். மலை இடிந்தது. கார் அப்பளமாயிற்று.

இஸ்மாயில் வந்து காலைப் பிடித்து வெளியே இழுத்தார். "கையில என்னா சார் கரண்டி?"

அப்போதுதான் பார்த்தார். விரல்கள் இறுகிப்போயிருந்தன. கட்டிலுக்கடியில் தட்டைத் தேடினார்கள். இல்லை.

"தட்டு எப்பிடி இருக்கும்?" என்றாள் ஸ்வீட்டி. "அம்மா பெட்டியிலயே வெச்சி பொதைச்சிட்டோமே."

இவ்வளவுக்குப் பிறகும் அந்த மனுஷன் என்ன எழுதினார் தெரியுமா? 'பாழடைந்த ஆட்டுக் கொட்டகை.' அனுமதி புதுப்பித்தாயிற்று.

திருப்பதியில் அவருக்கு மூன்றாவது மாடியில் வீடு. மலை எங்கோ, வீடு எங்கோ. ஆனால் தினமும் ஆறு மணிக்கு அவர் காதில் மட்டும் அந்தக் கூவல். மூன்று தரம். பிறகு... காத்திருக்கும். அவர் கட்டிலுக்கடியில் புகுந்து ஒரு தட்டைத் தட்டினால்தான் அடங்கும். "அந்த ஒரு வரியை எழுதித் தொலையேன் மச்சான்" என்று முரளிதரன் கெஞ்சினார். தொழில் போய்விடுமாம்.

போன முகூர்த்தத்துக்கு நாராயணவனத்தில் ஒரு கல்யாணம். குடும்பத்தோடு போனவர், பேச்சு சுவாரசியத்தில் ஆறு மணியை மறந்துவிட்டார். திரும்பி வந்து படுக்கையறைக் கதவைத் திறந்தார்.

மேலே கூரையில் ஒரு கீறல் இல்லை. ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. மெத்தை நடுவில், பூசணிக்காய் அளவு கல். தொட்டுப் பார்த்தார்... சூடு.

கட்டிலுக்கடியிலிருந்து கருவாட்டுக் குழம்பு வாசனை.

பிறகு, மெதுவாக...

டங்... டங்...