சிவப்புப் பொத்தான் வைத்த ஒன்பது காடிகள்

இன்று 2025 நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை. காலை மணி 10.47. இந்த மண்டபத்தில் நூற்று ஏழு பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். வெளியே முப்பத்தெட்டுக் காடிகள் நிற்கின்றன. அவற்றில் இருபத்திரண்டு, ஒரே ஜப்பான் கம்பெனியின் ஒரே செடான். பெயர் சொல்லத் தேவையில்லை. பத்துமலை அண்ணனிடம் ஒரு தடவை வந்தவர் வேறு காடி வாங்கியதில்லை.

மேடையில் வீற்றிருக்கும் வாடிக்கையாளர் சங்கத் தலைவர் சுகுமாரன் அவர்களே, பதினாறாம் நாள் காரியத்தை முடித்த கையோடு முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் அண்ணனின் மனைவி கலாதேவி அக்கா அவர்களே, அவருடைய மகள் தினேஸ்வரி அவர்களே, புந்தோங்கிலிருந்தும் சிம்பாங் பூலாயிலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம். நான் கால்வின். பாலிடெக்னிக்கில் வாகன மின்னணுவியல் படித்தவன். காடி பழுது பார்க்கும் ஃபோர்மேன் பத்துமலையின் பட்டறையில் ஆறு வருடம் பங்குதாரர். எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். அதில் அழுவதற்கு நேரம் ஒதுக்கவில்லை.

எனக்கு முன் பேசிய நால்வரும் அவரைக் காடி வைத்தியர் என்றார்கள். காதாலேயே நோய் கண்டவர் என்றார்கள். உண்மை. நான் மறுக்கவில்லை. சுங்காய் ரப்பர் தோட்டத்தில் மானேஜரின் காடி ஏற்றத்தில் திணறி நின்றபோது, பத்தொன்பது வயதுப் பத்துமலை பானெட்டைத் திறக்காமலே, "மூணாவது பிளக்கு செத்துப்போச்சு தொரே" என்று சொன்னவர். திறந்து பார்த்தால் மூன்றாவது பிளக்! அந்தக் காது பேராக் மாநிலம் முழுக்க வேறு யாருக்கு இருந்தது? யாருக்கும் இல்லை. எனக்கும் இல்லை.

அந்தக் காதுதான் அவரைக் கொன்றது.

சுகுமாரன் அண்ணே, மைக்கை இழுக்காதீர்கள். இன்னும் நான்கு நிமிடம் இருக்கிறது.

மானேஜரின் அந்தக் காடிக்கு அண்ணன் வைத்த பெயர் பாட்டன். அடுத்தடுத்து வந்த தலைமுறைகளுக்கு அப்பன், மகன், பேரன். ஈப்போவில் நாம் எல்லாரும் இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறோம். "என்ன காடி வெச்சிருக்கே?" "மகன் வெச்சிருக்கேன்." வெளியே இப்போது பாட்டன் ஒன்று, அப்பன் நான்கு, மகன் பதினான்கு, பேரன் மூன்று நிற்கின்றன.

பாட்டன் எண்பதுகளின் காடி. கார்ப்பரேட்டர் வைத்தது. மீட்டரில் எண்ணெய்க்கு ஒரு விளக்கு, பேட்டரிக்கு ஒரு விளக்கு. மற்ற எல்லா நோய்க்கும் சத்தம்தான் அடையாளம். காது உள்ளவன் ராஜா. பத்துமலை அண்ணன் ராஜா!

தொண்ணூறுகளில் அப்பன் வந்தான். கார்ப்பரேட்டர் போனது, உள்ளே ஒரு சின்னக் கணினி உட்கார்ந்தது. மீட்டரில் மஞ்சளாகப் புதிய விளக்கு ஒன்று. வலிக்கிறது என்று காடியே முதன்முதலாக வாய் திறந்து சொன்னது. அண்ணனுக்கு அது அவமானம். தன்னைக் கேட்காமல் காடி எப்படிச் சொல்லலாம்?

சவரிநாதன் அண்ணன் மூன்றாவது வரிசையில் இருக்கிறார். அவருடைய அப்பனில் மஞ்சள் விளக்கு அணையவே இல்லை. பத்துமலை அண்ணன் மீட்டரைக் கழற்றி, அந்தக் குட்டி பல்பைப் பிடுங்கி, சவரிநாதன் அண்ணனின் உள்ளங்கையில் வைத்தார்.

"இந்தா, ஒன் வியாதி. பத்திரமா வெச்சிக்க."

"இனிமே எரியாதா?"

"பல்பே ஒன் கையில இருக்கு. எப்பிடிலா எரியும்?"

பட்டறையே சிரித்தது. சவரிநாதன் அண்ணன் இந்தக் கதையைக் கல்யாணம், காதுகுத்து, எல்லா இடத்திலும் சொல்வார். அதற்குப் பிறகு நீங்கள் எல்லாரும் வரிசையில் வந்து நின்றீர்கள். காடியைச் சரி செய்யவா வந்தீர்கள்? விளக்கை அணைக்க வந்தீர்கள்! படித்த வாத்தியார் வந்தார். ஆஸ்பத்திரி நர்ஸ் வந்தார். காய்ச்சல் வந்த பிள்ளைக்குத் தெர்மாமீட்டரை உடைத்துப் போடுவீர்களா? காடிக்கு மட்டும் செய்தீர்கள். செய்தவருக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள்.

அதற்குப் பிறகு மகன் பிறந்தான். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த தலைமுறை. ஸ்டியரிங்குக்குள்ளேயே ஏர்பேக். இடித்தால் கண் இமைப்பதற்குள் பை விரிந்து நெஞ்சைத் தாங்கும். அந்தப் பைக்குச் செய்தி போக ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் சுருட்டி வைத்த மெல்லிய நாடாக் கம்பி. ஸ்டியரிங்கைக் கழற்றினால், அந்தச் சுருளைச் சரியாக நடுவில் நிறுத்தித்தான் திரும்ப மாட்ட வேண்டும். பாட்டனில் அந்தச் சுருள் கிடையாது. ஆகவே அண்ணன் மகனின் ஸ்டியரிங்கையும் பாட்டனுடையதைப் போலவே மாட்டினார். வாடிக்கையாளர் வெளியே போய் இரண்டு முறை முழுக்க வளைத்ததும் நாடா அறுந்தது.

அறுந்தால் என்ன ஆகும்? ஏர்பேக் செத்துப்போகும். மீட்டரில் விளக்கு எரியும். ஹோர்னும் அதே நாடாவில் போவதால் ஹோர்னும் அடிக்காது.

காது கேட்டது எதை? ஹோர்ன் அடிக்காததை. கேட்காதது எதை? ஏர்பேக் செத்ததை. செத்த ஏர்பேக் சத்தம் போடாதே!

அண்ணன் என்ன செய்தார்? டேஷ்போர்டில் ஓர் ஓட்டை போட்டு, சிவப்பாக ஒரு பொத்தான் வைத்தார். அமுக்கினால் ஹோர்ன் அடிக்கும். அந்த விளக்கைப் பல்பு மாதிரி பிடுங்க முடியவில்லை, பலகையிலேயே ஒட்டியிருந்தது. அதன் மேல் கறுப்பு டேப். காடி ஊமையானது. நீங்கள் பொத்தானைப் பார்த்து மயங்கினீர்கள். "ஃபோர்மேன் கைவேலைன்னா இதுலா!" என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அமுக்கிக் காட்டினீர்கள்.

நான் படித்தவன், நான் தடுத்தேனா? முதல் வருடம் தடுத்தேன். "இந்த நாடாவ மாத்தணும் அண்ணே" என்றேன்.

"சாமான் வர ரெண்டு வாரம் ஆகும். கஸ்டமர் நாளைக்கு வேலைக்குப் போவணும். நீ காயிதத்தப் படிச்சவன், நான் காடியப் படிச்சவன். தள்ளு."

தள்ளி நின்றேன். அதற்குப் பிறகு பேரன் வந்தான். கேமரா, ரேடார், தானாகப் பிரேக் போடும் காடி. அண்ணன் உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்தார். "இது காடியா, டிவியா?" என்று கேட்டுவிட்டு என் பக்கம் தள்ளிவிட்டார். காடி நான்கு தலைமுறை மாறியது. பத்துமலை அண்ணன் ஒரு தலைமுறைகூட மாறவில்லை. இதைத்தான் சற்று முன்பு ஒருவர் "கொள்கைப் பிடிப்பு" என்றார். கைதட்டினீர்கள்.

நவம்பர் ஒன்று, சனிக்கிழமை, மாலை நான்கு இருபது. சிம்பாங் பூலாய். முன்னால் போன காய்கறி லாரி பிரேக் போட்டது. அண்ணன் தன்னுடைய மகனில் பின்னால் வந்தார். வேகம் ஐம்பது. பெல்ட் போட்டிருந்தார். ஐம்பதில் அவர் சாகாமல் இருக்கத்தான் மகன் பிறந்தான்! பை விரியவில்லை. ஸ்டியரிங் நெஞ்சில் இறங்கியது.

விதி என்கிறீர்கள். சாவு வீட்டில் ஐம்பது பேராவது என் தோளைத் தட்டி விதி என்றீர்கள். விதிக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியுமா? விதி கறுப்பு டேப் வெட்டுமா?

"டேய், செத்தவனப் பத்திப் பேசுற பேச்சாடா இது? எறங்குடா!" சவரிநாதன் அண்ணன் எழுந்துவிட்டார். நல்லது, நில்லுங்கள். உங்கள் வீட்டில் இப்போது இருப்பது அப்பன் இல்லை, மகன். அதிலும் சிவப்புப் பொத்தான் இருக்கிறது. வரும்போது கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நீங்கள் நின்றுகொண்டே கேட்பதுதான் சரி.

விபத்துக்கு மூன்றாம் நாள் போலீஸ் நிலையத்துக்குப் பின்னால், நசுங்கிக் கிடந்த அண்ணனின் காடியில் மீட்டரை நான் கழற்றிப் பார்த்தேன். டேப் இருந்தது. அவர் டேப்பைப் பல்லால் கடித்துக் கிழிப்பார், ஓரம் பிசிறாக இருக்கும். இந்த டேப்பின் ஓரம் நேராக இருந்தது. கத்தரிக்கோலால் வெட்டியது. நான்தான் கத்தரிக்கோலால் வெட்டுவேன்.

ஆம். பத்துமலை அண்ணனின் காடியில் அந்த விளக்கை மறைத்தது நான். ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை. "நீ ஒட்டுறியா, நான் ஒட்டவா?" என்று கேட்டார். எனக்கு அவசரம். அடுத்த காடி காத்திருந்தது. சண்டை போட அரை மணி நேரம் ஆகும், ஒட்ட ஒரு நிமிடம். ஒட்டினேன். அவர் படிக்காமல் செய்தார். நான் படித்துவிட்டுச் செய்தேன். இந்த மண்டபத்தில் என்னைவிடக் கேவலமானவன் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள்.

கலாதேவி அக்கா, தலையைக் குனியாதீர்கள். உங்களிடம் மன்னிப்புக் கேட்க நான் இங்கே ஏறவில்லை. அதற்கு வீட்டுக்கு வருவேன். ஏறியது வேறு விஷயத்துக்கு.

வெளியே நிற்கும் பதினான்கு மகன்களில் ஒன்பதில் சிவப்புப் பொத்தான் இருக்கிறது. ஒன்பதிலும் நாடா அறுந்திருக்கிறது என்று நான் கற்பூரம் அடித்துச் சொல்ல மாட்டேன், கழற்றிப் பார்க்க வேண்டும். ஆனால் காரணம் இல்லாமல் அண்ணன் பொத்தான் வைக்கமாட்டார். அந்த ஒன்பதில் ஒன்று, அவர் தன் மகளுக்குக் கொடுத்த வெள்ளைக் காடி. இன்று மதியம் இரண்டு மணிக்குத் தினேஸ்வரி அதை ஓட்டிக்கொண்டு பாகான் டத்தோவுக்குப் போகிறார். முன் இருக்கையில் அம்மா.

காலையில் வாசலிலேயே சாவியைக் கேட்டேன்.

"அப்பா கைபட்ட காடி இது. நீங்க தொடாதீங்க."

"அந்தச் செவப்புப் பட்டன் எதுக்குன்னு தெரியுமா?"

"எனக்காக அப்பா வெச்சது. ரோட்டுல மாடு நின்னா ஒடனே அடிக்கலாம்னு. யாரு வீட்டுக் காடியில இப்பிடி இருக்கு? போங்க, போய் மைக்கப் புடிச்சி அழுவுங்க."

தினேஸ்வரி, மாட்டுக்காக வைத்த பொத்தான் இல்லை அது. உங்கள் அப்பாவுக்கு உங்கள்மேல் பாசம் இல்லையா? உயிரையே வைத்திருந்தார். தன் காடியில் எதைச் செய்தாரோ அதையே உங்கள் காடியிலும் செய்தார். வஞ்சகம் இருந்தால் தன் காடியை மட்டுமாவது ஒழுங்காக வைத்திருப்பார். பாசத்தால் நாடா ஒட்டாது. இதைச் சொல்ல வேறு மென்மையான வழி இருக்கலாம். எனக்குத் தெரியவில்லை. காலையில் மென்மையாகக் கேட்டுப் பார்த்தேன், சாவி கிடைக்கவில்லை.

இரங்கல் கூட்டத்தில் கடைசியாகப் பேசுபவர், மறைந்தவரின் பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்லி இறங்க வேண்டும். பத்துமலை அண்ணனின் பணியை நான் தொடர மாட்டேன். கழற்றுவேன். எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன்:

1. என் இழுவை லாரி இப்போது வெளிவாசலில் குறுக்கே நிற்கிறது. ஒன்பது சாவிகளும் என் கைக்கு வரும்வரை எந்தக் காடியும் வெளியே போகாது. போலீஸைக் கூப்பிடுகிறவர்கள் தாராளமாகக் கூப்பிடலாம். அவர்களிடமும் இதையே சொல்வேன்.

2. ஒன்பது சாவிகளையும் வாங்குவேன். பட்டறையில் வேலை செய்யும் தீபன் வேன் கொண்டுவந்திருக்கிறார், உங்களை வீட்டில் விடுவார். சாமான் வர இரண்டு வாரம் ஆகும். பஸ்ஸில் போங்கள். நடந்து போங்கள். உயிரோடு போங்கள்.

3. நாளை காலை எட்டு மணிக்குப் போலீஸ் நிலையத்தில், டேப்பை ஒட்டியது நான் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.

4. இங்கே வராதவர்களுக்குப் போன் செய்வேன். பட்டறையில் பதிவுப் புத்தகம் கிடையாது, எல்லாம் அண்ணனின் தலைக்குள் இருந்தது. அவருடைய போனில் முந்நூற்று நாற்பது எண்கள் இருக்கின்றன. ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி: டேஷ்போர்டில் பொத்தான் இருக்கிறதா?

5. தினேஸ்வரி, இதோ என் காடியின் சாவி. மேசைமேல் வைக்கிறேன். நேற்று முழுக்கச் சோதித்த காடி. அம்மாவை அதில் கூட்டிக்கொண்டு போங்கள், திருப்பித் தர அவசரம் இல்லை. உங்கள் சாவியை இதன் பக்கத்தில் வையுங்கள். என்னை அடிக்க வேண்டும் என்றால், வைத்துவிட்டு அடியுங்கள். நான் இறங்கவில்லை. இங்கேயே நிற்கிறேன்.